தேய்ந்த விரலும் செல்போன் பூட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திருநெல்வேலி சந்திப்பிலும் டவுனிலும் பாளையங்கோட்டையிலும் செல்போன் பழுது பார்க்கும் நாங்கள் சிலர் சேர்ந்து இதை எழுதுகிறோம். போனில் கைரேகைப் பூட்டு, முகப் பூட்டு பற்றி நம் பக்கத்தில் இருக்கும் சில தவறான நம்பிக்கைகளால் மக்கள் பணத்தையும் படங்களையும் இழக்கிறார்கள். அதைவிட, ரேகை தேய்ந்த கைக்காரர்கள் ‘நமக்கு இதெல்லாம் ஒத்து வராது’ என்று பூட்டே போடாமல் போனை வைத்திருக்கிறார்கள். அது தேவையில்லை.

புதுப் போன் வாங்கியதும் பலர் கேட்பது இதுதான்: “அண்ணாச்சி, நம்பரெல்லாம் ஞாபகத்துல நிக்காது. ரேகை மட்டும் வச்சு விடுங்க.” அப்படி வைக்க வழியில்லை. ஆண்ட்ராய்டு ஆனாலும் ஐபோன் ஆனாலும், முதலில் பின் நம்பரோ பேட்டர்னோ பாஸ்வேர்டோ போட்டால்தான் விரலைப் பதியவே விடும். அந்த நம்பரை ஒரு நாளைக்கு நூறு தடவை அடிக்கிற பாட்டை மிச்சம் பண்ணத்தான் ரேகை வந்தது. பூட்டு இன்னமும் பின் நம்பர்தான். போனை அணைத்துவிட்டுப் போட்டால் முதல் தடவை விரலை ஏற்காது. உள்ளே இருக்கும் படம், செய்தி, கணக்கு விவரம் எல்லாம் அந்த நம்பரோடு சேர்த்துக் குறியாக்கம் செய்யப்பட்டிருப்பதால், நம்பர் வராமல் போனுக்கே அவற்றைப் படிக்க முடியாது. ஆண்ட்ராய்டில் வெறும் ரேகையை வைத்தே திறந்துகொண்டிருந்தால், உறுதியான சென்சார் உள்ள போன்கூட 72 மணி நேரத்துக்கு ஒரு தடவை நம்பரைக் கேட்கும். ஐபோன் 48 மணி நேரம் திறக்காமல் கிடந்தால் கேட்கும். ஐந்து தடவை விரல் பொருந்தாமல் போனால் ஆண்ட்ராய்டு முப்பது விநாடி நிறுத்தி வைக்கும்; ஐபோன் நேராக நம்பருக்குப் போய்விடும். “சென்சார் கெட்டுப் போச்சு, ரேகை எடுக்க மாட்டேங்கு” என்று கொண்டுவரும் போன்களில் ஒரு பகுதிக்கு எந்தக் கோளாறும் இருக்காது. நம்பர் கேட்கும் நேரம் வந்திருக்கும், அவ்வளவுதான்.

ஆகவே நம்பரைச் சரியாக வைப்பதே முதல் வேலை. நான்கு இலக்கத்தில் பத்தாயிரம் எண்கள்தான் அமையும். ஆறு இலக்கத்தில் பத்து லட்சம். 1234, 0000, பிறந்த வருடம், வீட்டு வாசலில் நிற்கும் டிஎன் 72 பைக்கின் நான்கு எண்கள், இவற்றைத்தான் தெரிந்தவர்கள் முதலில் அடித்துப் பார்ப்பார்கள். பேட்டர்ன் போடுகிறவர்கள் பெயரின் முதல் ஆங்கில எழுத்தை இழுப்பது வழக்கம். எண்ணெய்க் கை பட்ட கண்ணாடியை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் கோடு தெரியும். யுபிஐ பின் நம்பரையும் போன் பூட்டின் பின் நம்பரையும் ஒன்றாக வைக்கவே கூடாது. மறந்துவிடுவோம் என்று பயப்படுகிறவர்கள் ஒரு தாளில் எழுதி வீட்டில் பீரோவுக்குள் வைக்கலாம். போன் கவருக்குள் வைக்கக் கூடாது. நம்பர் அடியோடு மறந்துபோனால் எங்களால் போனை ரீசெட் பண்ணித் தர முடியும், உள்ளே இருப்பது எல்லாம் போய்விடும். ரீசெட் ஆன பிறகும் பழைய கூகுள் கணக்கையோ பழைய பூட்டையோ கேட்டு நிற்கும். இன்றைய போனை ‘ஒன்றும் அழியாமல் திறந்து தருகிறோம்’ என்று சொல்லும் கடையை நம்பிப் பணம் கொடுக்க வேண்டாம்.

இன்னொரு பயம், ‘ரேகை வைத்தால் அது ஆதாருக்குப் போகும், போன் திருடு போனால் ரேகையும் போகும்’ என்பது. போன் நம் விரலின் படத்தை வைத்துக்கொள்வதில்லை. மேடு எங்கே முடிகிறது, எங்கே இரண்டாகப் பிரிகிறது என்பது போன்ற குறிப்புகளை எண்களாக மாற்றி, பிராசஸரில் தனியாக ஒதுக்கிய பாதுகாப்புப் பகுதியில் வைக்கிறது. வங்கி ஆப் கேட்டால்கூட ‘பொருந்தியது, பொருந்தவில்லை’ என்ற பதில்தான் வெளியே போகும். போனை ரீசெட் செய்தால் அந்தக் குறிப்பு அழிந்துவிடும். ரேஷன் கடைக் கருவியும், ஊர்களில் விரல் வைத்துப் பணம் எடுக்கும் கருவியும் வேறு வகை. அவற்றில் வைத்த விரல் ஆதார் ஆணையத்தின் மையத் தகவல் தொகுப்போடு ஒப்பிடப்படும். விரல் வைத்துப் பணம் எடுக்கும் ஆதார் முறையில் ஓடிபி கிடையாது. வங்கிப் பெயர், ஆதார் எண், ரேகை இருந்தால் போதும். பத்திரப் பதிவு ஆவணங்களில் உள்ள ரேகையைப் பார்த்து சிலிகானில் போலி விரல் செய்து பணம் எடுத்த வழக்குகள் 2023இல் கர்நாடகத்திலும் மேற்கு வங்கத்திலும் வந்தன. பயப்பட வேண்டிய இடம் அதுதான்.

அதற்கு வழி இருக்கிறது. எம்ஆதார் ஆப்பிலோ ஆதார் இணையதளத்திலோ ‘பயோமெட்ரிக் லாக்’ போட்டுவிட்டால் ரேகை, கருவிழி, முகம் மூன்றும் ஆதாரில் செல்லாது. ஓடிபி மட்டும் செல்லும். இதை மொபைல் எண் ஆதாரோடு இணைந்திருப்பவர்கள்தான் செய்ய முடியும். ஆனால் லாக் போட்டவர்கள் ரேஷன் கடைக்குப் போய் விரலை வைத்துவிட்டு, ‘மெஷின் சரியில்லை’ என்று கடைக்காரரோடு சண்டை போட வேண்டாம். வரிசையில் முன்னால் வந்ததும் ஆப்பில் தற்காலிகமாகத் திறந்துகொள்ளலாம். பத்து நிமிடத்தில் அது தானாக மறுபடி பூட்டிக்கொள்ளும். பி.எஃப். ஓய்வூதியம் வாங்கும் பழைய பீடித் தொழிலாளர்களுக்கும் இது பொருந்தும். ரேகை விழாத கைக்கு, ஆண்டுக்கு ஒரு முறை கொடுக்கும் உயிர்வாழ் சான்றிதழை ஆண்ட்ராய்டு போனில் ஜீவன் பிரமான் ஆப்பையும் ஆதார் முகச் சரிபார்ப்பு ஆப்பையும் ஏற்றி முகம் காட்டியே கொடுக்கலாம். பி.எஃப். ஓய்வூதியர்களுக்கு 2022 முதல் இந்த வசதி இருக்கிறது. பயோமெட்ரிக் லாக் போட்டிருந்தால் முதலில் அதைத் திறந்துகொள்ள வேண்டும், இல்லாவிட்டால் முகமும் தோற்கும்.

இனி விரல் தேய்ந்தவர்கள் விஷயம். முக்கூடல், ஆலங்குளம், கடையம், மேலப்பாளையம் பக்கம் பீடி சுற்றும் பெண்கள், பத்தமடையில் கோரைப்பாய் நெய்கிறவர்கள், சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம் வயல்களில் நாற்று நடுகிறவர்கள், கொத்தனார், சித்தாள், ஓட்டலில் பாத்திரம் துலக்குகிறவர்கள், இவர்கள் எல்லோருக்கும் விரல் நுனியின் மேடு தேய்ந்திருக்கும். சிமெண்டின் காரம் தோலை அரிக்கிறது. பீடியில் இலையை வெட்டி, தூளை வைத்து உருட்டி, நுனியை மடக்கும்போது கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் நாள் முழுக்க உரசிக்கொண்டே இருக்கின்றன. போன் வாங்கியதும் எல்லோரும் முதலில் பதிவதும் அந்த இரண்டு விரல்களைத்தான்! மேல்தோல் மட்டும் தேய்ந்திருந்தால் கொஞ்ச நாள் வேலைக்கு ஓய்வு கொடுத்ததும் மேடு திரும்ப வந்துவிடும். அடித்தோல் வரை வெட்டுப்பட்டால் தழும்பு நின்றுவிடும். இதனால்தான் ஒரு விரல் ஒரு வாரம் எடுக்கும், அடுத்த வாரம் எடுக்காது.

எந்தச் சென்சார் என்பதைப் பொறுத்தும் தொல்லை மாறும். பக்கவாட்டுப் பவர் பட்டனிலோ முதுகிலோ இருப்பது மின்னேற்றத்தை அளக்கும் வகை. மேடு தொடும் இடத்துக்கும் பள்ளத்தில் காற்று நிற்கும் இடத்துக்கும் உள்ள வேறுபாட்டைப் படிக்கிறது. விரல் ஈரமானால் பள்ளத்திலும் தண்ணீர் நிரம்பி எல்லாம் ஒரே பட்டையாகத் தெரியும். வெடித்துக் காய்ந்த விரலானால் மேடே சரியாக ஒட்டாது. திரைக்குக் கீழே இருப்பதில் பெரும்பாலும் ஆப்டிகல் வகை. திரை அந்த இடத்தில் பளிச்சென்று எரிந்து, விரலில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் பிக்சல்களின் இடைவெளி வழியாகக் கீழே உள்ள சின்னக் கேமராவுக்குப் போகிறது. காய்ந்த தோலுக்கு இது இன்னும் மோசம். விலை கூடிய சில போன்களில் ஒலியலையால் படிக்கும் சென்சார் உண்டு. அது ஈரக் கையையும் ஓரளவு ஏற்றுக்கொள்ளும். பத்தாயிரம் ரூபாய்ச் சுற்றுவட்டத்தில் வாங்குகிற, கை தேய்ந்தவர்களுக்கு எங்கள் யோசனை பக்கவாட்டுப் பட்டன் சென்சார்தான். ‘திரைக்குள்ளேயே ரேகை’ என்று விற்பனைப் பையன் சொல்வதற்கு மயங்க வேண்டாம்.

பதியும் விதம்தான் முக்கால் பங்கு. வேலை முடிந்த கையோடு பதியக் கூடாது. காலையில், இலையைத் தொடுவதற்கு முன் பதியுங்கள். சோப்புப் போட்டுக் கழுவி, துண்டில் துடைத்து, ஐந்து நிமிடம் விட்டுவிடுங்கள். தோல் வெடித்திருந்தால் முந்தின ராத்திரியே தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவிக்கொள்ளலாம். பதியும் நேரத்தில் எண்ணெய்ப் பசை இருக்கக் கூடாது. சென்சாரை மூக்குக் கண்ணாடி துடைக்கும் துணியால் துடைக்க வேண்டும். புகையிலைத் தூளும் வியர்வை உப்பும் பட்டன் ஓரத்தில் படிந்திருந்தால், போனை அணைத்துவிட்டு, ஐசோபுரோபைல் ஆல்கஹால் ஓரிரு சொட்டு விட்ட துணியால் துடைக்கலாம். திரவத்தைப் போன் மேல் ஊற்றக் கூடாது, ஊசி வைத்துக் கிண்டவும் கூடாது.

எந்த விரல்? பவர் பட்டன் வலது பக்கம் இருக்கும் போனை இடது கையில் பிடித்துப் பாருங்கள். இடது ஆள்காட்டி விரலோ நடுவிரலோ தானாகப் பட்டன் மேல் விழும். வலது கையில் பிடித்தால் கட்டை விரல் விழும், அதுதான் தேய்ந்த விரல். ஆகவே வலது கையால் சுற்றுகிறவர்கள் இடது நடுவிரலைப் பதிந்தால் கையைத் திருக வேண்டிய அவசியமே வராது. திரைக்குள் சென்சார் இருந்தால் மோதிர விரல் நல்லது. வேலையில் குறைவாக உரசும் விரல் அதுதான். இடது கையால் சுற்றுகிறவர்கள் பட்டன் சென்சாரில் வலது கட்டை விரலைப் பதியலாம்.

போனை மேசையில் படுக்க வைத்துப் பதியாதீர்கள். அன்றாடம் எப்படிப் பிடிப்பீர்களோ அப்படியே பிடித்துக்கொண்டு பதியுங்கள். போன் பல தடவை தொடச் சொல்லும். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் நகர்த்துங்கள்: நடு, நுனி, இடப்பக்கம், வலப்பக்கம், அடி. ஒரே இடத்தையே திரும்பத் திரும்ப வைப்பதுதான் பொதுவான பிழை. பட்டன் சென்சார் ஒல்லியான பட்டை; ஒரு தடவைக்கு விரலின் ஒரு கீற்றை மட்டும்தான் பார்க்கும். அதில் விரலை லேசாக வைத்தால் போதும். ஆப்டிகலில் கொஞ்சம் அழுத்தி, திரை அதிராமல் ஒரு நொடி வைக்க வேண்டும். இதன் பிறகு ஒரு உபாயம்: அதே விரலை இரண்டாவது பெயரில் இன்னொரு தடவை பதியுங்கள். முதலாவது காலைக் கையில். இரண்டாவது சாயங்காலம், வேலை முடிந்து கை கழுவிய பின். தேய்ந்த நிலையும் தேயாத நிலையும் இரண்டும் போனுக்குத் தெரிந்துவிடும். ஆனி, ஆடிக் காற்றில் தோல் வெடிக்கும் காலத்தில் இரண்டாவது பதிவை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டுக்கொள்ளலாம். முடிந்ததும் பத்துத் தடவை திறந்து பாருங்கள். எட்டுத் தடவைக்குக் குறைந்தால் விரலை மாற்றுங்கள். எந்த விரலும் ஒத்து வராவிட்டால் ஆறு இலக்க நம்பரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அது குறைந்த பாதுகாப்பு அல்ல.

ரேகை விழாதவர்களுக்குக் கடைகளில் உடனே போட்டுக் கொடுப்பது முகப் பூட்டு. இதில்தான் எங்களுக்குக் கடுமையான மனக்குறை. ஐபோனில் 2017இல் வந்த முகப் பூட்டு, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புப் புள்ளிகள் முப்பதாயிரத்துக்கு மேல் முகத்தில் வீசி மேடுபள்ளத்தை அளக்கிறது. இருட்டிலும் வேலை செய்யும். விலை குறைந்த ஆண்ட்ராய்டில் அப்படிப்பட்ட கருவி கிடையாது. செல்ஃபி கேமரா பார்க்கும் தட்டையான படத்தை வைத்துத்தான் முடிவு செய்கிறது. கூகுள் வகுத்த விதிப்படி போன் பயோமெட்ரிக்குக்கு மூன்று வகுப்பு உண்டு. போலி விரலோ போலி முகமோ காட்டிச் சோதிக்கும்போது நூற்றுக்கு ஏழுக்கு மேல் ஏமாறாததுதான் உறுதியான மூன்றாம் வகுப்பு. இருபது வரை ஏமாறுவது இரண்டாம் வகுப்பு. அதற்கும் மேல் போனால் அது வசதிக்கு மட்டும். உங்கள் போனில் எது என்று தெரிந்துகொள்ளச் சுலப வழி ஒன்று உண்டு. வங்கி ஆப்பின் பாதுகாப்புப் பகுதிக்குப் போங்கள். ரேகையைக் கேட்டு முகத்தைக் கேட்காவிட்டால், அந்த முகப் பூட்டைப் பணத்துக்கு நம்ப ஆப்பே தயாராக இல்லை என்று பொருள். இன்னொரு சோதனையும் செய்யலாம்: உங்கள் முகத்தின் தெளிவான படத்தை வேறொரு போனில் பெரிதாக வைத்து நல்ல வெளிச்சத்தில் காட்டிப் பாருங்கள். திறந்துவிட்டால் முகப் பூட்டை அன்றே அழித்துவிடுங்கள். கல்யாண வீட்டு ஃப்ளெக்ஸ் பேனரில் முழு முகத்தையும் போட்டு நாற்சந்தியில் நிறுத்தும் ஊர் நம் ஊர், படத்துக்கா பஞ்சம்? இரட்டைப் பிள்ளைகளுக்கும் ஒரே சாயல் உள்ள உடன்பிறந்தவர்களுக்கும் 13 வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளுக்கும் முகம் மாறிப் பொருந்தும் வாய்ப்புக் கூடுதல் என்று ஆப்பிள் நிறுவனமே சொல்கிறது.

அடுத்தது, ஒரே போனில் வீட்டார் எல்லோருடைய விரலும். தொழில்நுட்பப்படி, ஒரு விரல் பதிந்த ஐபோனில் முன்பின் தெரியாத ஒருவர் விரல் தவறுதலாகப் பொருந்த 50,000இல் ஒரு வாய்ப்பு. ஐந்து விரல் பதிந்தால் அது 10,000இல் ஒன்றாகிவிடும். நான்கு இலக்கப் பின் நம்பரின் பலம்தான் மிஞ்சும். ஆனால் உண்மையான ஆபத்து முன்பின் தெரியாதவர் கிடையாது. கடையில் ‘செக்’ பண்ணுகிறேன் என்று பையன் வைத்த விரல், விளையாட்டுக்காகப் பேரன் வைத்த விரல், இவையெல்லாம் வருடக்கணக்காக உள்ளேயே கிடக்கும். செட்டிங்ஸில் கைரேகைப் பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டு உங்கள் விரலைச் சென்சாரில் வையுங்கள். பல போன்களில் பொருந்தும் பதிவு மட்டும் நிறம் மாறிக் காட்டும். சாம்சங்கில் ‘சேர்த்த ரேகையைச் சரிபார்’ என்று தனியாகவே இருக்கும். யாருடையது என்று தெரியாத பதிவை அழித்துவிடுங்கள். புது விரல் சேர்த்ததும் பல வங்கி ஆப்கள் பழைய ரேகை அனுமதியை ரத்து செய்து மறுபடி பாஸ்வேர்டு கேட்கும். நீங்கள் ஒன்றும் செய்யாமலே அப்படிக் கேட்டால், யாரோ ஒரு விரலைச் சேர்த்திருக்கிறார்களா என்று பாருங்கள். இது இப்போது இன்னும் முக்கியம். 2025 அக்டோபர் முதல் யுபிஐயில் பின் நம்பருக்குப் பதிலாகப் போனின் ரேகையையோ முகத்தையோ வைத்துப் பணம் அனுப்பும் வசதி வந்திருக்கிறது. தொடக்கத்தில் ஒரு தடவைக்கு 5,000 ரூபாய் வரை. நாமாக ஒப்புக்கொண்டு இயக்கினால்தான் அது நடக்கும். மதியம் அசந்து தூங்குகிறவரின் விரலும் விரல்தான் என்பதால், வீட்டில் பிள்ளைகள் போனை எடுத்துப் புழங்கும் பெரியவர்கள் அதை இயக்காமல் இருப்பதே நல்லது.

டிஸ்ப்ளே மாற்றுவது பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் கடைகளில் நடக்கும் பெரும்பாலான வாக்குவாதம் இதில்தான். திரைக்குள் ரேகை உள்ள போன்களில் ஒரிஜினல் திரை ஓஎல்இடி. விலை குறைவு என்று எல்சிடி வகைக் காப்பி காம்போ (திரையும் தொடுகண்ணாடியும் சேர்ந்த பாகம்) போட்டால் ரேகை போய்விடும். எல்சிடியின் பின்புறம் வெளிச்சத் தகடு இருப்பதால் கீழே உள்ள சென்சாருக்கு ஒன்றும் தெரியாது. சென்சாரில் பழுது இருக்காது, அதைக் கண்ணைக் கட்டிப் போட்டதுதான். ஓஎல்இடி காப்பியில் சிலது வேலை செய்யும், ஆனால் சில மாடல்களில் சென்சாரை மறுபடி அளவீடு செய்ய வேண்டும். அதை அந்தக் கடையில் செய்ய முடியுமா என்று முன்கூட்டியே கேளுங்கள். மேலே ஒட்டும் கண்ணாடியும் அப்படித்தான். தடித்த டெம்பர்டு கிளாஸும், இடையில் காற்றுக் குமிழ் நிற்கும் கிளாஸும் ரேகையைக் கெடுக்கும். ஒலியலைச் சென்சாருக்கு அதற்கென்று சொல்லப்பட்ட கிளாஸ்தான் ஒட்ட வேண்டும். 2019இல் சாம்சங் எஸ்10 போனில் ஒருவகை ஜெல் கவரைப் போட்டால் யார் விரலுக்கும் திறந்தது. அந்த நிறுவனம் பிறகு மென்பொருளைத் திருத்திக் கொடுத்தது. கிளாஸை மாற்றினால் பழைய ரேகையை அழித்துப் புதிதாகப் பதிவது இதனால்தான். ஹோம் பட்டன் உள்ள ஐபோன்களில் அந்த ரேகைப் பட்டன் மதர்போர்டோடு ஜோடி சேர்ந்தது. வேறு பட்டன் போட்டால் அழுத்த முடியும், ரேகை எடுக்காது. முகம் பார்க்கும் பாகமும் அப்படியே. அதன் மெல்லிய ஃப்ளெக்ஸ் கேபிள் கிழிந்தால் திரும்ப வருவது கடினம் என்பதால், டிஸ்ப்ளே கழற்றுவதற்கு முன்பே ரேகையும் முகமும் வேலை செய்வதைக் கடைக்காரருக்குக் காட்டி, பில்லில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அதே பில்லில் பின் நம்பரை எழுதித் தராதீர்கள். நம்பரை ஸ்டிக்கரில் எழுதிப் போன் முதுகில் ஒட்டி வைப்பது எங்கள் தொழிலில் ஊறிப்போன கெட்ட பழக்கம். சாம்சங்கின் புதிய போன்களில் ‘மெயின்டெனன்ஸ் மோட்’, கூகுள் பிக்சலில் ‘ரிப்பேர் மோட்’ இருக்கிறது. அதைப் போட்டுக் கொடுத்தால் நாங்கள் திரை, ஸ்பீக்கர், கேமராவைச் சோதிக்கலாம். உங்கள் படமும் வாட்ஸ்ஆப்பும் கண்ணில் படாது. அந்த வசதி இல்லாத போனானால், முடிந்தவரை கூட இருந்து நீங்களே திறந்து காட்டுங்கள். நம்பரைத் தந்தே ஆக வேண்டும் என்றால், கொடுப்பதற்கு முன் தற்காலிகமாக வேறு நம்பருக்கு மாற்றி, திரும்ப வாங்கியதும் பழையபடி வைத்துக்கொள்ளலாம். வாங்கும்போது ரேகைப் பட்டியலையும் ஒரு தடவை பாருங்கள்.

ரேகை நம்பரை விட மேலான இடம் ஒன்று உண்டு: கூட்டம். புதிய பஸ் ஸ்டாண்டிலும் நெரிசலான பேருந்திலும் நம்பரை அடித்தால் தோளுக்குப் பின்னால் நிற்பவர் பார்த்துவிடுவார். நம்பரைப் பார்த்துக்கொண்டு பிறகு போனைப் பறிப்பதுதான் பணம் போகும் வழி. அங்கே விரலால் திறப்பதே சரி. ஐபோனில் 2024 ஜனவரியில் வந்த ‘திருடுபோன சாதனப் பாதுகாப்பு’ என்ற அமைப்பை இயக்கினால், வழக்கமான இடங்களுக்கு வெளியே முக்கியமான மாற்றங்களுக்கு நம்பர் மட்டும் போதாது, முகமோ ரேகையோ கட்டாயம். ஆண்ட்ராய்டிலும் கூகுள் செட்டிங்ஸில் திருட்டுப் பாதுகாப்பு என்ற பகுதி இருக்கிறது. பறித்துக்கொண்டு ஓடும் அசைவை உணர்ந்து திரையைப் பூட்டிவிடும். இதற்கு நேர்மாறாக, யாராவது நம் விரலை வலுக்கட்டாயமாக வைத்துத் திறந்துவிடுவார்கள் என்ற நிலை வந்தால், ஆண்ட்ராய்டில் பவர் மெனுவில் ‘லாக்டவுன்’ தொட்டால் ரேகையும் முகமும் அந்த நொடியே நிற்கும். பல போன்களில் இந்தப் பொத்தானை லாக் ஸ்கிரீன் செட்டிங்ஸில் முன்கூட்டியே இயக்கி வைக்க வேண்டும். முகப் பூட்டு உள்ள ஐபோனில் பக்கவாட்டு பட்டனையும் ஒலி பட்டனையும் சேர்த்து, அணைக்கும் கோடு வரும் வரை அழுத்தினால் போதும்.

போன் தொலைந்துவிட்டால் எந்தப் பூட்டு இருந்தாலும் முதலில் சிம்மை நிறுத்தச் சொல்லுங்கள். ஓடிபி எல்லாம் அதற்குத்தான் வரும். சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டால் ரேகையால் தடுக்க முடியாது. சிம்முக்கும் தனியாகப் பின் நம்பர் போடலாம். ஆனால் மூன்று தடவை தப்பாக அடித்தால் சிம் பூட்டை விடுவிக்கும் பி.யு.கே. எண் கேட்டு நின்றுவிடும், ஆகவே நிதானம் தேவை. அடுத்து வங்கியில் சொல்லி யுபிஐயை நிறுத்துங்கள். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழையுங்கள். வேறொரு போனிலிருந்து கூகுளின் சாதனம் தேடும் பக்கத்தில் நுழைந்து பூட்டலாம், அழிக்கலாம். காவல் நிலையத்தில் புகார் கொடுத்து நகல் வாங்கி, அதே எண்ணுக்கு மாற்றுச் சிம் எடுத்த பிறகு, மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் போனின் அடையாள எண்ணான ஐஎம்இஐ எண்ணைத் தடை செய்தால் எந்த நிறுவனச் சிம்மும் அந்தப் போனில் ஓடாது. போன் கிடைத்துவிட்டால் அதே தளத்தில் தடையை நீக்கிக்கொள்ளலாம்.

அந்த ஐஎம்இஐ எண்ணைக் கேட்டால்தான் பலர் முழிக்கிறார்கள். போன் கையில் இருக்கும்போதே *#06# அடித்துப் பாருங்கள். இரண்டு சிம் போனுக்கு இரண்டு எண் வரும், இரண்டையும் எழுத வேண்டும். வாங்கின பெட்டியின் மேலும் அவை அச்சிட்டு ஒட்டியிருக்கும். பெட்டியைப் பழைய பேப்பர்க்காரரிடம் போடுவதற்கு முன் அந்தத் தாளைக் கிழித்து, ஆதாரும் ஸ்மார்ட் கார்டும் வைக்கும் பைக்குள் போட்டு வைக்கலாம்.

இப்படிக்கு,
செல்போன் பழுதுநீக்குவோர் சிலர்,
திருநெல்வேலி.